பாஸ்டன்: கடல் இருந்த இடத்தில் ஒரு நகரம்

"மகளுக்குப் பாஸ்டனில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சுற்றுலாக் கையேடுகளில் இருப்பது போதவில்லை. அது எப்படிப்பட்ட ஊர், எப்படி உருவானது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒரு முழுப் பார்வை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அந்த ஊர்மீது எனக்குள்ள பிரியமும், சில விஷயங்களில் அதன்மீதுள்ள வருத்தமும் பதிலில் தெரியத்தான் செய்யும்.

முதலில் அளவு. 2020 கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் 6,75,647 பேர். பரப்பு சுமார் 48 சதுர மைல்தான். நம் பெருநகரங்களை மனத்தில் வைத்துப் பார்த்தால் சிறிய ஊர். ஆனால் அதை ஒட்டியிருக்கும் கேம்பிரிட்ஜ், சோமர்வில், புரூக்லைன், குவின்சி எல்லாம் தனித்தனி நகராட்சிகள். தெருவைக் கடந்தால் ஊர் மாறிவிடும். அந்த வட்டாரம் முழுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 49 லட்சம் பேர். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் பாஸ்டனில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டின் முதன்மை வளாகங்களும் சார்லஸ் ஆற்றுக்கு அக்கரையில் கேம்பிரிட்ஜில் உள்ளன. ஹார்வர்டின் மருத்துவக் கல்லூரி, வணிகக் கல்லூரி போன்ற சில மட்டும் பாஸ்டனுக்குள் இருக்கின்றன. மகள் எந்தக் கரையில் படிக்கப்போகிறாள் என்பதை வீடு தேடும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாஸ்டனைப் புரிந்துகொள்ள நான் சொல்லும் வழி ஒன்றுதான். எந்த இடத்தில் நின்றாலும், "இது முன்பு தரையா, தண்ணீரா?" என்று கேளுங்கள். பாதிக்குப் பாதி "தண்ணீர்" என்றுதான் பதில் வரும்.

1630இல் ஜான் வின்த்ரோப் தலைமையில் வந்த, பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஆங்கிலேயக் குடியேறிகள் முதலில் சார்ல்ஸ்டவுனில் தங்கினார்கள். அங்கே நல்ல குடிநீர் இல்லை. எதிரே ஷாமட் என்று பூர்வகுடி மாசசூசெட் மக்கள் அழைத்த தீபகற்பம் இருந்தது. அதில் வில்லியம் பிளாக்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தனியாக வீடு கட்டிப் புத்தகங்களோடு வாழ்ந்துகொண்டிருந்தார். இங்கே ஊற்று இருக்கிறது, வாருங்கள் என்று அழைத்தவர் அவர்தான். வந்தவர்களின் கெடுபிடி தாங்காமல் சில ஆண்டுகளில் அவரே ஊரைவிட்டுப் போய்விட்டார். அவரிடமிருந்து வாங்கிய நிலம்தான் 1634 முதல் பொதுநிலமாக இருக்கும் பாஸ்டன் காமன், அமெரிக்காவின் மிகப் பழைய பொதுப் பூங்கா. 1830 வரை அதில் மாடு மேய்ந்தது.

அந்தத் தீபகற்பம் 800 ஏக்கருக்கும் குறைவானது. மூன்று குன்றுகள், சுற்றிலும் சேறும் உப்புநீரும். பெருநிலத்தோடு அதை இணைத்தது ஒரு குறுகிய மண்கழுத்து மட்டுமே. புயலடித்துக் கடல் பொங்கினால் அதுவும் மூழ்கும், ஊர் தீவாகிவிடும். இன்றைய வாஷிங்டன் தெரு அந்தக் கழுத்தின் மேல்தான் போகிறது. அதில் நடக்கும்போது இருபுறமும் அலை இருந்ததை உங்களால் நம்பவே முடியாது.

அமெரிக்க விடுதலைப் புரட்சிக் கதைகளையும் இந்தத் தண்ணீர்க் கணக்கோடு படித்தால்தான் விளங்கும். 1773 டிசம்பர் 16 இரவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்தில் உடைத்துக் கொட்டினார்கள். அத்தனையும் சீனத் தேயிலை. இந்தியாவில் அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது. விலை ஏறியதால் வந்த கோபம் என்று சிலர் எழுதுகிறார்கள். உண்மையில் அந்த ஆண்டுச் சட்டத்தால் தேயிலை மலிவாகியிருக்கும். தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் போட்ட வரி அதற்குள் இருந்தது, அதைக் கொடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதுதான் சண்டை. கள்ளக் கடத்தலில் லாபம் பார்த்த வணிகர்களின் வயிற்றெரிச்சலும் அதில் கலந்திருந்தது. அந்தக் கப்பல்கள் கட்டியிருந்த கிரிஃபின் துறை இன்று தரைக்கடியில் புதைந்துகிடக்கிறது. பக்கத்துக் கால்வாயில் மாதிரிக் கப்பல்களை நிறுத்தி அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

1775 ஏப்ரல் 18 இரவு, ஓல்டு நார்த் தேவாலயக் கோபுரத்தில் இரண்டு விளக்குகள் ஏற்றப்பட்டன. ஆங்கிலேயப் படை மண்கழுத்து வழியாக நடந்து போகவில்லை, படகேறி வருகிறது என்பதற்கு அடையாளம் அது. படை வருகிறது என்று எச்சரிக்கப் பால் ரெவியர் குதிரையில் பறந்ததும், மறுநாள் லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் துப்பாக்கி வெடித்துப் போர் தொடங்கியதும் அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தப் படை எங்கே படகேறியது? பாஸ்டன் காமனின் அடிவாரத்தில். இன்று அங்கே சார்லஸ் தெருவில் கார்கள் ஓடுகின்றன. எதிரே பொதுத் தோட்டம், அதற்கப்பால் ஒரு மைலுக்கும் மேல் வரிசை வரிசையாக வீடுகள். 1775இல் அத்தனையும் நீர். முதல் முறை பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த நூறு ஆண்டுகளில் ஊர் தன் குன்றுகளைத் தானே வெட்டித் தின்றது. மூன்றில் இரண்டு குன்றுகள் அநேகமாக மறைந்தே போயின. மிஞ்சிய பீக்கன் ஹில்லின் உச்சியில் சுமார் 60 அடியைச் சீவி, அந்த மண்ணைக் கொண்டு வடக்கே இருந்த ஆலைக் குளத்தை மூடினார்கள். 1798இல் கட்டி முடித்த தங்கக் குவிமாட மாநிலச் சட்டமன்றம் இன்றும் அந்தக் குன்றின்மேல்தான் இருக்கிறது. அதன் பிரதிநிதிகள் சபையில் ஐந்தடி நீள மரக் காட் மீன் ஒன்று தொங்குகிறது. ஊருக்குச் சோறு போட்ட மீனுக்கு அப்படி ஒரு மரியாதை.

எல்லாவற்றிலும் பெரிய வேலை பேக் பே. ஆலைகளுக்காக 1821இல் கட்டிய அணை, மேற்கிலிருந்த வளைகுடாவுக்குள் கடல் வந்துபோவதைத் தடுத்தது. நகரத்தின் கழிவெல்லாம் அதில் தேங்கி நாறியது. 1850களின் கடைசியில் அதை மூடத் தொடங்கினார்கள். ஒன்பது மைல் தொலைவிலிருந்த நீதம் என்ற ஊரின் சரளைமேடுகளை நீராவி இயந்திரத்தால் தோண்டி, 35 பெட்டிகள் கோத்த ரயில்களில் இரவும் பகலுமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மூடுவதற்கே ஒரு தலைமுறைக்கு மேல் பிடித்தது. விளைந்த மனைகளை மாநில அரசே விற்றது. அதனால்தான், குறுக்கும் நெடுக்குமான பழைய பாஸ்டன் சந்துகளுக்கு நடுவே இந்தப் பகுதி மட்டும் கோடு போட்டாற்போல் இருக்கிறது. குறுக்குத் தெருக்களின் பெயர்கள்கூட ஆர்லிங்டன், பெர்க்லி, கிளாரண்டன், டார்ட்மத், எக்ஸிடர் என்று ஆங்கில அகரவரிசையில் போகும். வழி தவறினால் இதை நினைவில் வைத்தால் போதும்.

சேற்றின்மேல் போட்ட சரளை செங்கல் வீட்டைத் தாங்காது. அதனால் ஒவ்வொரு கட்டிடத்துக்கும் அடியில் கெட்டியான களிமண் வரை மரக்கம்பங்களை அடித்து இறக்கினார்கள். காப்ளி சதுக்கத்தில் 1877இல் திறந்த டிரினிட்டி தேவாலயம் மட்டுமே சுமார் 4,500 மரக்கம்பங்களின்மேல் நிற்கிறது. மரம் நீருக்குள் மூழ்கியே இருந்தால் நூற்றாண்டுகள் தாங்கும். நிலத்தடி நீர் இறங்கிக் காற்று பட்டால் உளுத்துவிடும். 1929இல் எதிரே இருக்கும் பொது நூலகத்தின் கம்பங்களே உளுத்திருப்பது தெரியவந்தது. இன்று நகரம் முழுக்க 800க்கும் மேற்பட்ட சிறு கண்காணிப்புக் குழாய்களைப் பதித்து நீர்மட்டத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

இதை நானே ஒருமுறை பார்த்தேன். மார்ல்பரோ தெரு நடைபாதையில் ஒருவர் குனிந்து, உள்ளங்கை அளவு இரும்பு மூடியைத் திறந்து, அளவு நாடாவை உள்ளே விட்டார். நாடாவின் முனை நீரைத் தொட்டதும் கருவி கீச்சென்றது. எண்ணைக் குறித்துக்கொண்டு மூடியைப் போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடும் பல கோடி ரூபாய் பெறும். அத்தனையும் அந்தக் கீச்சொலியை நம்பித்தான் நிற்கின்றன.

காப்ளி சதுக்கத்திலேயே இன்னொரு கதை உண்டு. 60 மாடி ஜான் ஹான்காக் கோபுரம் கட்டும்போது 1973இல் அதன் ராட்சதக் கண்ணாடிகள் கழன்று விழத் தொடங்கின. கண்ணாடி போன இடங்களில் ஒட்டுப்பலகை அடித்துப் பல மாதங்கள் நின்றது. கடைசியில் 10,344 கண்ணாடிகளையும் மாற்றினார்கள். இன்று அதே கண்ணாடியில் டிரினிட்டி தேவாலயம் பிரதிபலிப்பதை மாலை வெயிலில் பார்க்க வேண்டும். அந்தச் சதுக்கத்துக்குப் போகும் நாளில் நூலகத்துக்குள்ளும் போகச் சொல்லுங்கள். 1848இல் நிறுவப்பட்டது அந்த நூலகம். 'எல்லாருக்கும் இலவசம்' என்று வாசலுக்கு மேலே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இன்றுவரை அந்தச் சொல் காப்பாற்றப்படுகிறது.

இனி மக்கள். தன்னைச் சுதந்திரத்தின் தொட்டில் என்று பாஸ்டன் அழைத்துக்கொள்வது பாதி உண்மை. பாஸ்டனைத் தலைநகராகக் கொண்ட மாசசூசெட்ஸ் 1641இலேயே அடிமை முறையைச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. கரீபியத் தீவுகளின் சர்க்கரைப்பாகு, இங்கே காய்ச்சிய ரம், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த மனிதர்கள் என்று சுழன்ற வணிகத்தில் பணம் சேர்த்தவர்கள் இந்த ஊரில் பலர். விடுதலைப் பேச்சுகள் முழங்கிய ஃபேனில் மண்டபத்தைக் கட்டிக்கொடுத்த பீட்டர் ஃபேனிலும் அவர்களில் ஒருவர். 1721இல் பெரியம்மை பரவியபோது கைகொடுத்த, அம்மைப்பாலைக் கீறி ஏற்றிக் காக்கும் ஆப்பிரிக்க முறையை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பாதிரியார் காட்டன் மேதருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒனிசிமஸ் என்ற அடிமை. அதைச் செய்துபார்த்த மருத்துவர் பாய்ல்ஸ்டனின் குடும்பப் பெயரில் தெருவும் ரயில் நிலையமும் இருக்கின்றன. ஒனிசிமஸின் பெயரைப் பல காலம் யாரும் நினைக்கவில்லை.

மறுபாதியும் உண்மைதான். 1780களின் நீதிமன்றத் தீர்ப்புகளால் மாநிலத்தில் அடிமை முறை முடிவுக்கு வந்தது. பீக்கன் ஹில்லின் வடக்குச் சரிவில் கறுப்பின மக்கள் 1806இல் கட்டிய கூட்ட அரங்கு இன்றும் நிற்கிறது. வில்லியம் லாயிட் காரிசன் 1831இல் அடிமை ஒழிப்புக்காகப் பத்திரிகை தொடங்கியதும் இந்த ஊரில்தான். அதே ஊரில் 1974இல், பள்ளிகள் திட்டமிட்டு இனவாரியாகப் பிரித்துவைக்கப்பட்டிருப்பதாகக் கூட்டரசு நீதிபதி கேரிட்டி தீர்ப்பளித்து, பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்ப ஆணையிட்டார். தென் பாஸ்டனில் கறுப்பினக் குழந்தைகள் வந்த பஸ்கள்மீது கல் விழுந்தது. அந்தக் காயம் ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ராக்ஸ்பரிக்கும் பேக் பேக்கும் நடுவே இரண்டு மைல்கூட இல்லை. வருமானத்தில் இருக்கும் தூரம் மிகப் பெரிது. மகள் எல்லாப் பகுதிகளையும் பார்க்க வேண்டும், ராக்ஸ்பரியின் நூபியன் சதுக்கம் உட்பட.

அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்த 1840களில் பட்டினியோடு ஆயிரக்கணக்கானோர் இங்கே கரையேறினார்கள். பழைய ஆங்கிலக் குடும்பங்கள் அவர்களைக் கேவலமாக நடத்தின. நாற்பது ஆண்டுகளில், 1884 தேர்தலில், அயர்லாந்தில் பிறந்த ஹியூ ஓ'பிரையன் மேயரானார். நார்த் எண்டுப் பகுதியில் அயர்லாந்துக்காரர்களுக்குப் பின் யூதர்களும், பின்னர் இத்தாலியர்களும் வந்தார்கள். கென்னடியின் தாய் ரோஸ் பிறந்தது அங்கே. 2021இல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மிஷல் வூ தைவானிலிருந்து வந்த பெற்றோரின் மகள்.

நார்த் எண்டைச் சொன்னதால் அங்கே நடந்த ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். 1919 ஜனவரி 15, நண்பகல். கமர்ஷியல் தெருவில் 50 அடி உயர இரும்புத் தொட்டி ஒன்றில் 23 லட்சம் கேலன் சர்க்கரைப்பாகு நிரம்பியிருந்தது. தொட்டி வெடித்தது. வீட்டைவிட உயரமான பாகு அலை தெருவில் பாய்ந்து, மேம்பால ரயில்பாதையின் தூண்களை வளைத்தது. குதிரைகள் ஒட்டிக்கொண்டு மூச்சுத் திணறிச் செத்தன. 21 பேர் இறந்தார்கள். தொட்டி நெடுநாளாகக் கசிந்ததும், கசிவு தெரியாமலிருக்கப் பழுப்பு வண்ணம் பூசியதும் பிறகு வெளியே வந்தது. 'பாகு வெள்ளம்' என்று கேட்டால் வேடிக்கையாகத் தோன்றும். இறந்தவர்களில் பத்து வயதுக் குழந்தைகளும் உண்டு.

ஒரு மருத்துவச் செய்தி. 1846 அக்டோபர் 16 அன்று மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து மயக்க, வலியின்றிக் கழுத்துக் கட்டியை அறுத்துக் காட்டினார்கள். அந்த அரங்கு இன்றும் இருக்கிறது. மயக்க மருந்து இல்லாத காலத்து அறுவை எப்படியிருந்திருக்கும் என்று அந்தச் செங்குத்தான இருக்கைகளில் அமர்ந்து யோசித்திருக்கிறேன்.

நம் ஊரோடு இதற்கு உண்மையான தொடர்பும் இருக்கிறது. மதராஸில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல் பிறந்தது பாஸ்டனில். திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் பஸ்ஸில் கேட்டு இறங்குகிறோமே, அந்த ஐஸ் பாஸ்டனிலிருந்து வந்தது. ஃப்ரெடரிக் டியூடர் என்ற வணிகர் குளிர்காலத்தில் சுற்றுவட்டாரக் குளங்களின் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றி அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கு போனது. அடுத்த பத்தாண்டுக்குள் மதராஸ் கடற்கரையில் கிடங்கு எழுந்தது. பிற்காலத்தில் விவேகானந்தர் தங்கிய அந்த வீடுதான் இன்றைய விவேகானந்தர் இல்லம். யாழ்ப்பாணத்துக்கு 1816இல் போன அமெரிக்க மிஷனரிகளை அனுப்பிய சங்கத்தின் தலைமையகமும் பாஸ்டனில்தான் இருந்தது. அவர்கள் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றியவர் அவர் என்பதை நினைத்தால், கேம்பிரிட்ஜுக்கும் பாஸ்டனுக்கும் நடுவே ரயிலில் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

இருபதாம் நூற்றாண்டில் நகரம் தனக்கே செய்துகொண்ட கேடு ஒன்று உண்டு. 1950களின் முடிவில் வெஸ்ட் எண்டு என்ற உயிருள்ள குடியிருப்பை, சேரி என்று சொல்லி அடியோடு இடித்தார்கள். ஆயிரக்கணக்கான எளிய குடும்பங்கள் சிதறின. அதே காலத்தில் கடலோரத்தை ஊரிலிருந்து வெட்டிப் பிரித்தாற்போல் உயரத்தில் ஒரு நெடுஞ்சாலையைக் கட்டினார்கள். பின்னர் அந்தச் சாலையை இடித்துச் சுரங்கத்துக்குள் இறக்கிய 'பிக் டிக்' திட்டம் 1991இல் தொடங்கி 2007 வரை இழுத்து, 1,400 கோடி டாலரைத் தாண்டியது. 2006இல் சுரங்கக் கூரைப் பலகை விழுந்து ஒரு பெண் இறந்தார். இவ்வளவுக்குப் பிறகும், சாலை இருந்த இடத்தில் இன்று நீண்டு கிடக்கும் பசுமைப் பாதையில் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்தவன் என்ற முறையில், செய்தது சரி என்றே சொல்வேன்.

வாழ்வதற்கான சில செய்திகள். ரயிலை அங்கே 'டி' என்பார்கள். 1897 செப்டம்பர் 1 அன்று திறந்த டிரெமான்ட் தெருச் சுரங்கம்தான் அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில்பாதை. அதன் பாய்ல்ஸ்டன் நிலையம் இன்றும் ஓடுகிறது. 1713இல் கட்டிய பழைய அரசு மாளிகையின் அடித்தளத்துக்குள்ளேயே ஒரு ரயில் நிலைய வாசல் இருக்கிறது. 1776 ஜூலையில் விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்ட மாடத்துக்குக் கீழே இறங்கி ரயிலேறலாம். பழைய பாதை என்பதால் தாமதமும் பழுதும் சகஜம். தேர்வு நாளில் அரை மணி முன்னதாகவே கிளம்ப வேண்டும்.

வாடகை மிக அதிகம். பெரும்பாலான ஒப்பந்தங்கள் செப்டம்பர் 1 அன்று தொடங்குவதால், ஆல்ஸ்டன் போன்ற மாணவர் பகுதிகளில் அன்று ஊரே வீடு மாறும். நடைபாதை முழுக்கச் சோபா, மேசை, புத்தக அலமாரி கிடக்கும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மெத்தையை மட்டும் எடுக்கக்கூடாது, மூட்டைப்பூச்சி வரும். என் முதல் படிப்பு மேசை அப்படிக் கிடைத்ததுதான்.

குளிரைப் பற்றிப் பயமுறுத்த மாட்டேன், ஆனால் நல்ல காலணியை அங்கே போய் வாங்கச் சொல்லுங்கள். 2014-15 குளிர்காலத்தில் 100 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியது. காரைத் தோண்டியெடுத்தவர் அந்த இடத்தில் ஒரு பழைய நாற்காலியை வைத்துவிட்டுப் போவார். அது அவருடைய இடம் என்று அர்த்தம். பனி அவசரநிலை முடிந்து 48 மணி நேரம் வரை நகராட்சியே அதைப் பொறுத்துக்கொள்ளும். அந்த நாற்காலியை நகர்த்தியவரை அக்கம்பக்கம் எளிதில் மன்னிக்காது.

வந்திறங்கும் லோகன் விமான நிலையமும் கடலைத் தூர்த்த இடம்தான். விமானம் தாழும்போது ஜன்னல் பக்கம் கிடைத்தால், முட்டை வடிவத்தில் பன்னிரண்டு பெரிய தொட்டிகள் தெரியலாம். அது டீர் தீவு. குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் 1675இல் மூண்ட போரின்போது பூர்வகுடி மக்கள் நூற்றுக்கணக்கானோரை அங்கே கொண்டுபோய் அடைத்தார்கள். குளிரிலும் பசியிலும் பலர் மடிந்தார்கள். பூர்வகுடிகள் பாஸ்டனுக்குள் நுழையக்கூடாது என்று அப்போது போட்ட சட்டம் 2005இல்தான் நீக்கப்பட்டது. 1847இல் நோயுற்ற அயர்லாந்து அகதிகளை அதே தீவில் ஒதுக்கிவைத்தார்கள். பிறகு அங்கே சிறை இருந்தது. இன்று கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். 2000 முதல், சுத்தமான நீர் ஒன்பதரை மைல் சுரங்கம் வழியே ஆழ்கடலுக்குப் போகிறது. நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்டிருந்த துறைமுகங்களில் ஒன்று இன்று நீந்துமளவுக்குத் தெளிந்திருக்கிறது. நான் நீந்தியும் இருக்கிறேன்.

மகள் போய்ச் சேர்ந்தபின் முதல் இலையுதிர் காலத்தில், கடல் மிக உயரும் நாள் எது என்று பார்த்து, அந்தக் காலையில் லாங் வார்ஃப் துறைக்குப் போகச் சொல்லுங்கள். காற்றோ மழையோ இல்லாமலேயே, பளிச்சென்ற வெயிலில், கடல் துறையின் கல்தளத்தில் ஏறிவந்து பெஞ்சுகளின் காலை நனைக்கும். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் சுங்கக் கோபுரம் தெரியும். அதன் அடியில் இருக்கும் பழைய சுங்கக் கட்டிடம், கட்டிய காலத்தில் தண்ணீரின் விளிம்பில் நின்றது. இன்று கரையிலிருந்து அதற்குச் சில நிமிட நடை.